கொழும்பு மாவட்டத்துக்குள் குப்பைக்கு இடம்: வரைபடம் காட்டும் பச்சைத் துண்டுகளை நம்பலாமா?

நிலவரைபடன் எழுதியது:

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். நகரத் திட்டமிடல் மேற்படிப்புக்கான ஆய்வு இது. கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே குப்பையைப் பாதுகாப்பாகப் புதைக்கும் சுகாதார நிலநிரப்பு ஒன்றுக்கு இடம் கிடைக்குமா என்று தேடுகிறேன். மாவட்டத்தின் பரப்பு 699 சதுர கிலோமீற்றர். குப்பையை ரயிலில் ஏற்றி ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில், புத்தளம் மாவட்டத்திலுள்ள அருவக்காட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்ட ஊருக்கு, தன் எல்லைக்குள் ஓர் இடமும் இல்லையா என்ற எரிச்சலில் தொடங்கிய வேலை.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஏழு படலங்கள் வைத்திருக்கிறேன்: நீர்நிலை, குடியிருப்பு, வீதி, விமான நிலையம் ஆகியவற்றிலிருந்து உள்ள தூரம், பிறகு சரிவு, மண், நிலப்பயன்பாடு. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. தாமஸ் சாட்டியின் படிநிலைப் பகுப்பாய்வு முறைப்படி காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் முக்கியத்துவத்துக்கும் ஒரு நிறை எடுத்தேன். புள்ளியை நிறையால் பெருக்கிக் கூட்டினால் பொருத்தப் படம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். என் ஒப்பீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் முரண் விகிதம் 0.1க்குக் கீழே வர வேண்டுமாம், எனக்கு 0.31 வருகிறது. அடுத்தது, ஓடைப் படலத்தைத் திறந்தால் கொழும்பின் ஓடைகள் எல்லாம் நடுக்கடலில் ஓடுகின்றன. யாராவது உதவுங்கள்.

மரத்தடி அளவையாளர் எழுதியது:

தம்பி, கடலில் ஓடும் ஓடை எனக்குப் பழைய சிநேகிதம். உங்கள் கோப்பு இலங்கையின் பழைய கண்டவல ஆள்கூற்று முறையில் இருக்கிறது. பிதுருதலாகலை மலையை ஒட்டிய தொடக்கப் புள்ளிக்கு அந்த முறையில் 200,000 – 200,000 என்று எண். இப்போதைய எஸ்எல்டி99 முறையில் அதே புள்ளிக்கு 500,000 – 500,000. பழைய எண்ணைப் புதிய முறை என்று சொல்லித் திறந்தால், படம் 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும் நகர்ந்து இந்து சமுத்திரத்தில் இறங்கிவிடும். கோப்புக்கு அதன் சொந்த முறையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு எஸ்எல்டி99இன் குறியீடான 5235க்கு மாற்றுங்கள்.

இது நல்ல பிழை; கண்ணில் குத்துகிறது. கெட்ட பிழை வேறு. ஜிபிஎஸ் காட்டும் முறைக்கும் கண்டவலவுக்கும் இடையே செய்ய வேண்டிய திருத்தத்தை விட்டுவிட்டால் படம் சில நூறு மீற்றர்தான் நகரும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஓடையிலிருந்து 500 மீற்றர் தள்ளி என்று நீங்கள் கோடு போடுவீர்கள், அது ஓடையிலிருந்து 300 மீற்றரில் கிடக்கும். எழுத்துப் பிழையோடு திருமண அழைப்பிதழ் அச்சடித்த மாதிரி, ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

சரிவுக்கு எந்த உயரப்படம் எடுத்தீர்கள்? விண்வெளி ஓடத்திலிருந்து 2000 பெப்ரவரியில் எடுத்த 30 மீற்றர் தரவு என்றால் ஒரு எச்சரிக்கை. அந்த ராடார் பல இடங்களில் மரத்தின் தலையைத்தான் அளந்திருக்கிறது, தரையை அல்ல. ரப்பர் தோட்டம் முடிந்து வயல் தொடங்கும் ஓரத்தில் இல்லாத சரிவு ஒன்று முளைத்திருக்கும்.

கணக்கு டீச்சர் எழுதியது:

முரண் விகிதத்தை மூன்று காரணிகளோடு காட்டுகிறேன், ஏழுக்கும் அதுதான் கதை.

சாட்டியின் அளவுகோலில் 1 என்றால் இரண்டும் சமம், 3 என்றால் ஓரளவு முக்கியம், 5 என்றால் நன்றாகவே முக்கியம், 9 என்றால் ஒப்பிடவே கூடாத அளவு. இப்போது நீங்கள், நீர்நிலை குடியிருப்பைவிட 3 மடங்கு, குடியிருப்பு வீதியைவிட 3 மடங்கு என்கிறீர்கள். அப்படியென்றால் நீர்நிலை வீதியைவிட 9 மடங்கு என்ற பக்கமாக வர வேண்டும். ஆனால் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது களைத்துப்போய், இரண்டும் சமம் என்று 1 போட்டுவிட்டீர்கள். அட்டவணையின் முதன்மை ஐகன் பெறுமானம், முரணே இல்லையென்றால் சரியாக 3 வர வேண்டியது, 3.56 வருகிறது. 3ஐக் கழித்து 2ஆல் வகுத்தால் 0.28. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய அட்டவணைகளுக்குச் சராசரியாக வருவதைச் சமவாய்ப்புச் சுட்டி என்பார்கள்; மூன்று காரணிகளுக்குச் சாட்டி தருவது 0.58. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.48. அட்டவணையைக் குப்பைக் கூடைக்கே அனுப்பலாம்.

அதையே நீர்நிலை குடியிருப்பைவிட 2, நீர்நிலை வீதியைவிட 5, குடியிருப்பு வீதியைவிட 3 என்று எழுதிப் பாருங்கள். நிறைகள் 0.58, 0.31, 0.11. முரண் விகிதம் 0.003 அளவில் நிற்கும்.

ஏழு காரணிகளுக்கு 21 ஒப்பீடு. நள்ளிரவில் தேநீர் குடித்துக்கொண்டு நிரப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 0.003 வந்துவிட்டதே என்று துள்ளாதீர்கள். என் வகுப்பில் ஒரு மாணவன் எல்லாக் கணக்கிலும் கூட்டல் குறியைப் பெருக்கலாக வாசித்தான். ஒரு தடவைகூட மாற்றி வாசிக்கவில்லை. முரணே கிடையாது. பெயில்.

நிலவரைபடன் எழுதியது:

தேநீர் இல்லை டீச்சர், கோப்பி. மற்றதெல்லாம் சரி. ஓடைகள் கரை ஏறிவிட்டன, ஐயாவுக்கு நன்றி. விகிதம் 0.06க்கு வந்துவிட்டது.

கொலன்னாவைக்காரி எழுதியது:

உங்கள் கணக்குகள் எனக்குப் புரியவில்லை. ஒரு வேலை மட்டும் செய்து பார்ப்பீர்களா? எங்கள் மீதொட்டமுல்லைக் குப்பை மேட்டை அந்தப் படத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் முறை அதற்கு எத்தனை புள்ளி கொடுக்கிறது?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். பிற்பகலில் மேடு சரிந்தது. 32 பேர் போனார்கள். நாங்கள் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தோம். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே எங்கள் சமையலறைத் தரையில் நான்கு டைல்கள் கூடாரம் போல மேலே தூக்கிக்கொண்டன. மேசனைக் கூப்பிட்டேன். குந்தியிருந்து தட்டிப் பார்த்துவிட்டு, சீமெந்துக் கலவை பிழை என்றார். புதிதாகப் பதித்தார், காசும் வாங்கிக்கொண்டார். பதித்த டைலும் தூக்கியது. அவரைத்தான் ஏசினேன். தரையே வீங்குகிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கொழும்பின் புளூமெண்டல் குப்பை மேட்டை மூடியபோது, தற்காலிகம் என்று சொல்லித்தான் 2009இல் மாநகரசபைக் குப்பையை எங்கள் பக்கம் திருப்பினார்கள்.

நிலவரைபடன் எழுதியது:

அக்கா, போட்டுப் பார்த்தேன். இரவு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதொட்டமுல்லை என் படத்தில் 'பொருத்தமானது' என்ற வகுப்பில் விழுகிறது. முதல் வகுப்பு இல்லை, ஆனாலும் பொருத்தமானது. தட்டையான நிலம், சரிவுக்கு 5. வீதி பக்கத்தில், 5. இரத்மலானை விமான நிலையம் தொலைவில், 5. வீடுகளுக்கு 1, கால்வாய்க்கு 1. கூட்டினால் தேறிவிடுகிறது.

குழாய்ப் பொறியாளன் எழுதியது:

தேறத்தான் செய்யும். கூட்டல் முறையின் பிறவிக் குணம் அது. ஒன்றில் கெட்டதை இன்னொன்றில் நல்லது ஈடுகட்டிவிடும். கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, பரவாயில்லை, லொறிக்கு டீசல் மிச்சம்! இதனால்தான் விலக்கு வலயங்களை முதலில் வெட்டி எறிய வேண்டும். அவற்றுக்கு நிறையே கிடையாது: 0 அல்லது 1. வீடு இருக்கிறதா, 0. சதுப்பா, 0. வெள்ளம் ஏறுமா, 0. அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே, ஆற்றை ஒட்டியா, 0. லபுகம, கலடுவாவ நீர்த்தேக்கங்களின் நீரேந்து பரப்பா, பேச்சே இல்லை. மிஞ்சியதற்குள் மட்டும் சாட்டி வரட்டும்.

விமான நிலையத்தைக்கூட நான் அப்படித்தான் வைப்பேன். குப்பைக்குப் பறவை வரும், பறவை இயந்திரத்துக்குள் போகும். ஜெட் விமானம் ஓடும் பாதையிலிருந்து 10,000 அடிக்குள் நிலநிரப்பு வைத்தால் பறவை ஆபத்து இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

கொலன்னாவைத் தங்கச்சியின் டைல் கதையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். அங்கே அடியில் பீட் மண், அழுகிய தாவரச் சதுப்பு. நனைந்த பஞ்சு மெத்தையின் நடுவில் ஒரு பீப்பாயை வைத்தால் ஓரம் மேலெழும்புகிறதல்லவா, அதுதான். மேலே பாரம் ஏற ஏற அடிமண் பக்கவாட்டில் பிதுங்கி, மேட்டின் அடிவாரத்துக்கு வெளியே தரையைத் தூக்கும். மேசன் மேல் பிழை இல்லை. அவர் தட்டிப் பார்த்தது ஒரு முன்னறிவிப்பை.

தம்பி, மண் படலத்துக்கு என்ன புள்ளி கொடுத்தீர்கள்? களிமண் என்றால் நீர் இறங்காது என்று 5 போட்டிருப்பீர்கள். மென் களியும் பீட்டும் நீரைத் தடுத்தாலும் பாரம் தாங்காது. ஒரே படலத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, பிரித்து எடுங்கள். எப்படியும் அடியில் விரிப்புப் போடத்தான் வேண்டும்: 60 சென்ரிமீற்றர் அளவுக்கு இறுக்கிய களி, அதன்மேல் எச்டிபிஈ பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கசிவுநீரைச் சேர்க்கும் குழாய்கள். எங்கள் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறை ஈரம். மரக்கறித் தோல், மீன் செதிள், எஞ்சிய சோறு. கொழும்பு மழையும் சேர்ந்தால் வெளியே வருவது கறுப்புத் தேநீர் நிறத்தில் ஓர் ஆறு. கிழக்கே அவிசாவளைப் பக்கம் போகப் போக மழை இன்னும் கூடும். மழை உங்கள் ஏழில் இல்லவே இல்லை, அதைக் கவனித்தீர்களா?

எரித்துவிடு எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? கேரவலப்பிட்டியவில் 2021இலிருந்து குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். இன்னும் இரண்டு கட்டினால் இழையை மூடிவிடலாம்.

குழாய்ப் பொறியாளன் எழுதியது:

சாம்பலை எங்கே கொட்டுவீர்கள்? உங்கள் வீட்டு முற்றத்திலா? உலைக்கும் ஒரு நிலநிரப்பு வேண்டும், சிறியதாக. ஈரக் குப்பை சண்டித்தனம் பண்ணும் என்பது வேறு கதை, இந்த இழையில் வேண்டாம்.

நிலவரைபடன் எழுதியது:

விலக்கு வலயங்களை வெட்டினேன். அதை வாழைத்தண்டு உரிப்பது என்று சொல்லலாம். கொழும்பு, கோட்டே, தெஹிவளை, மொரட்டுவ, மகரகம எல்லாம் முதல் வெட்டிலேயே போய்விட்டன. கொலன்னாவை, கடுவெல, கெஸ்பேவ சதுப்போடும் வெள்ளத்தோடும் போயின. ஹோமாகமவில் வீடுகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் கிழக்கில், பாதுக்கை, ஹங்வெல்லப் பக்கம் சில துண்டுகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. எல்லாம் ரப்பர் நிலம். வீடு இல்லை, சதுப்பு இல்லை, வீதி கிட்ட. நிறைகளை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். குடியிருப்பின் நிறையை இரட்டிப்பாக்கினாலும் அதே துண்டுகள்தான் முன்னுக்கு வருகின்றன. உணர்திறன் சோதனையிலும் அசையாத விடை என்று அத்தியாயம் எழுதத் தொடங்கிவிட்டேன். படத்தை இணைத்திருக்கிறேன்.

தோட்டத்துப் பையன் எழுதியது:

அண்ணா, நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். இந்தத் தளத்தை வாசிப்பேன், எழுதியதில்லை.

உங்கள் மூன்றாவது பச்சைத் துண்டு வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது. அந்த வளைவு எங்கள் ஓடை. துண்டுக்கு நடுவில் வடக்கே கொஞ்சம் தள்ளி நான் பிறந்த லயம், தோட்டத்து வரிசை வீடுகள், இருக்கிறது. மேல் லயத்தில் பன்னிரண்டு காம்பிரா, அதாவது அறை, கீழ் லயத்தில் பன்னிரண்டு. இடையில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பிரா, அதன் பின்னால் மாரியம்மன் கோவில். கோவிலுக்கு மேலே பாறை இடுக்கிலிருந்து வருகிற தண்ணீருக்கு மூங்கில் வைத்திருந்தார்கள், இப்போது பிளாஸ்டிக் குழாய். பீலி என்போம். குடிக்க, குளிக்க, கழுவ எல்லாம் அதுதான். அம்மா இன்னும் அங்கே பால் வெட்டப் போகிறார்.

உங்கள் படத்தில் அந்த இடத்துக்கு மேலே 'மிகப் பொருத்தமானது' என்று எழுதியிருக்கிறது. அதை அம்மாவுக்குக் காட்டவில்லை.

நிலவரைபடன் எழுதியது:

தம்பி, உடனே போய்ப் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தில் நன்றாகப் பெரிதாக்கினால், மரங்களுக்கு இடையில் துருப்பிடித்த தகர நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது. கோடுதான், வீடு என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

எப்படித் தவறியது என்று பின்னோக்கிப் போனேன். வீடுகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தேன். அது தன்னார்வலர்கள் வரைவது. நுகேகொடையில் கோழிக்கூடு வரை இருக்கிறது, அந்தத் தோட்டத்தில் யாரும் வரையவில்லை. மக்கள்தொகையைக் கிராம சேவகர் பிரிவு அளவில் எடுத்துப் பரப்பால் வகுத்தேன். லயத்தில் நெருக்கியடித்து இருப்பவர்களை எடுத்துத் தோட்டம் முழுக்க விதைபோலத் தூவியிருக்கிறேன், ஒரு கட்டத்துக்கு அரை ஆள்கூட வரவில்லை. நிலப்பயன்பாட்டுப் படலத்தில் அந்த இடம் வெறும் 'ரப்பர்'. மூன்று படலங்களும் ஒரே குரலில் அங்கே யாரும் இல்லை என்றன. பீலியைப் பற்றி எந்தப் படலமும் வாயே திறக்கவில்லை.

உணர்திறன் சோதனையில் அசையவில்லை என்று எழுதியிருந்தேனே. இல்லாத வீட்டுக்கு எத்தனை நிறை கொடுத்தாலும் எப்படி அசையும்?

மரத்தடி அளவையாளர் எழுதியது:

நான் களத்தில் இருந்த காலத்தில் லயத்தை நீண்ட கறுப்புச் செவ்வகமாக வரைவோம். அளவைச் சங்கிலி பிடிக்க வந்த தோட்டத்துப் பிள்ளைகளே எங்களுக்குப் பீலி எங்கே என்று காட்டுவார்கள், தாகம் எடுக்குமே. இப்போது யாருக்கும் தாகம் எடுப்பதில்லை, அறைக்குள் இருந்து வரைகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை தம்பி. சரி, கொஞ்சம் உங்களையும்தான்.

புத்தளம் நானா எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். முதல் பதிவிலேயே எழுத வந்தேன், அடக்கிக்கொண்டேன்.

அருவக்காட்டைத் தெரிவு செய்தபோதும் அழகான காரணங்கள் இருந்தன. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய குழி, தோண்ட வேண்டியதில்லை. ரயில் பாதை ஏற்கெனவே போகிறது. ஆட்கள் குறைவு. யாருக்குக் குறைவு? சேரக்குளியில் இருப்பவனுக்கு அவனுடைய ஊர் குறைவாகத் தெரியுமா? சுண்ணாம்புக்கல் வெடிப்பு விட்ட கல், நீரை எங்கே கொண்டுபோகும் என்று அதற்கே தெரியாது. பக்கத்தில் கலா ஓயா கடலில் சேருகிறது, அந்தக் களப்பில் மீன்பிடிக்கிறோம். அதற்கு அப்பால் வில்பத்து தேசியப் பூங்கா. சீமெந்துத் தூசி முதலே இருந்தது, 2011இல் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் வந்தது, பிறகு குப்பை. ஒவ்வொன்றையும் தனித்தனி அறிக்கையாக எழுதினால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதுதான். மூன்றும் ஒரே மூக்குக்குள் போகிறது என்பதற்கு உங்கள் மென்பொருளில் படலம் உண்டா?

2018, 2019இல் நாங்கள் வீதிக்கு இறங்கினோம். "கொழும்புக் குப்பையைக் கொழும்பிலேயே வை" என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். இன்றைக்கும் அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தப் பையன் எழுதியதை வாசித்தபோது, என் கோஷம் கொழும்பு எல்லைக்குள் வந்தால் எந்தக் கூரையில் போய் விழும் என்று தெரிந்துவிட்டது. அவனுடைய அம்மாவுக்கு நான் ஸலாம் சொன்னதாகச் சொல்லட்டும்.

தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த 21 ஒப்பீட்டையும் நிரப்பியது யார்?

நிலவரைபடன் எழுதியது:

நான் ஒருவன்தான், நானா. வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டைத் திருத்தினார்.

கணக்கு டீச்சர் எழுதியது:

பலரிடம் கேட்டு நிரப்பலாம், சாட்டி முறையில் அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொருவர் அட்டவணையின் ஒரே கட்டத்து எண்களையும் எடுத்து, பெருக்கி மூலம் கண்டு, பெருக்கல் இடை எடுப்பது வழக்கம். ஆனால் அவசரப்பட்டுச் சராசரி எடுக்காதீர்கள். பொறியாளர் வீதியை 5 மடங்கு என்பார், பீலித் தண்ணீர் குடிப்பவர் அதற்கு நேரெதிராக ஐந்தில் ஒன்று என்பார். பெருக்கல் இடை 1. இருவரும் சமாதானமாகப் போய்விட்டது போல அட்டவணை காட்டும். ஆளுக்கொரு படம் தனியாகப் போடுங்கள், எங்கே பிளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

கொலன்னாவைக்காரி எழுதியது:

யாரிடம் கேட்டாலும் மேசனையும் கேளுங்கள்.

குழாய்ப் பொறியாளன் எழுதியது:

ஒரு நடைமுறைச் செய்தி. நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் கொள்ளும் திண்மக்கழிவு நிலையம் என்றால் 1993 முதல் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டம் வருவதற்குள் இடம் மனதளவில் முடிவாகிவிட்டிருக்கும். ஆட்சேபனை எழுதுகிறவன் வளர்ச்சிக்கு எதிரி ஆகிவிடுவான். உங்களைப் போன்றவர்கள் படம் வரைகிற கட்டத்தில்தான் எதையாவது மாற்ற முடியும். ஒரே பெரிய இடம் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் விடுங்கள். சமையலறைக் கழிவைப் பிரித்து உரமாக்கிவிட்டு மீதிக்கு மட்டும் தேடினால், தேவையான ஏக்கர் கணக்கே மாறும். அதை முதலில் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

நிலவரைபடன் எழுதியது:

'அசையாத விடை' அத்தியாயத்தை அழித்துவிட்டேன். மழையைச் சேர்க்கிறேன், மண்ணை இரண்டாகப் பிரிக்கிறேன், தேவையான பரப்பைத் திரும்பக் கணக்கிடுகிறேன். அதற்கு முன், மிஞ்சிய பச்சைத் துண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் நடந்து பார்க்கப் போகிறேன். கூரை, கிணறு, பீலி, கோவில் எது கண்ணில் பட்டாலும் கைப்பேசியில் புள்ளி எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஏற்றிவிடுவேன், அடுத்தவனாவது பார்க்கட்டும்.

தம்பி, முதலில் உங்கள் தோட்டத்துக்கு வரலாமா? வருகிற போயா தினம் எனக்கு வசதி.

தோட்டத்துப் பையன் எழுதியது:

வாங்க அண்ணா. போயாவுக்கு எனக்கும் கடை லீவு. களனிவெளி ரயிலில் பாதுக்கை வரை வந்தால் நான் ஸ்டேஷனில் நிற்பேன், அங்கிருந்து முச்சக்கரவண்டி கொஞ்ச தூரம்தான் ஏறும், பிறகு நடை. மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு வாங்க. அளவையாளர் ஐயாவும் வருவதென்றால் சொல்லுங்கள், பின்பக்கம் ஏற்றம் குறைந்த பாதை ஒன்று இருக்கிறது.

தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.